மூடாத அடை

என் கணவருக்குத் தெருவில் அகராதி என்று பெயர். அகராதி பிடித்தவர் என்று வைத்தார்களா, அகராதியே இவர்தான் என்று வைத்தார்களா, நான் கேட்டதில்லை. இரண்டும் பொருந்தும். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிவப்புப் பேனா சட்டைப்பையில்தான் இருக்கும். மருந்துக் கடைப் பலகையில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் கடைக்காரர் முன்னால் போய் நிற்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே என்னையும் திருத்துவார். "நான் என்ன உங்க அச்சகத்துல இருந்து வந்த தாளா?" என்று எரிந்து விழுவேன். அதற்கும் சிரிப்பார்.

தேனீ அவருக்கு வந்ததும் அச்சகம் வழியாகத்தான். தேனீ வளர்ப்பு பற்றி யாரோ எழுதிய கையேடு ஒன்று திருத்த வந்தது. முதல் திருத்தத்தின்போது சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து ராணித் தேனீ புராணம். இரண்டாம் திருத்தம் முடிவதற்குள் மொட்டைமாடியில் மரப்பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. இதே மனிதர் எத்தனையோ சமையல் புத்தகங்களும் திருத்தியிருக்கிறார். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது.

பெட்டியோடு சொற்களும் வந்தன. தேனீயைத் தேனீ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஞிமிறு என்பார். "சொல்லிப் பாரு, வாய்க்குள்ளயே பறக்கும்" என்பார். எனக்கு மூக்கில்தான் ஏறியது. தெளிந்த தேன் என்றால் தேறல். யாராவது இருமலுக்குத் தேன் கேட்டு வந்தால், ஞிமிறு என்று ஒரு தடவை சரியாகச் சொன்ன பிறகுதான் பாட்டில் கைக்குப் போகும். எதிர்வீட்டுத் தையற்காரர் கடைசிவரை திமிரு என்றுதான் சொன்னார். "உங்களுக்கு அதுதான் வரும்" என்று அவருக்கும் கொடுத்தனுப்பினார்.

ஒருநாள் காலையில், "இன்னைக்கு இறால் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். நான் வெங்காயத்தை நறுக்கி, சட்டியையும் அடுப்பில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். இறங்கி வந்தவர் கையில் தேனடை. தேன்கூட்டுக்கு அந்தக் காலத்தில் இறால் என்று பெயராம். அன்றைக்கு வெறும் வெங்காயத்தைத்தான் வதக்கிச் சாப்பிட்டோம். அவர் ரசித்துச் சாப்பிட்டார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் தேன் உண்டாகும் கதையை அவர் சொல்லும்போது மட்டும் நான் குறுக்கே பேச மாட்டேன். பூவில் இருப்பது தேனே இல்லையாம், வெறும் இனிப்புத் தண்ணீராம். அதை வயிற்றில் தனிப் பையில் சுமந்து வருமாம். கூட்டில் இருக்கிற தேனீ அதை வாயில் வாங்கி, அடுத்ததற்குக் கொடுத்து, அது இன்னொன்றுக்குக் கொடுத்து, வாய் மாறி வாய் மாறித்தான் கெட்டிப்படுமாம். பிறகு அறையில் ஊற்றிச் சிறகால் விசிறி ஈரத்தை விரட்டுமாம். "எத்தனை வாய் பட்ட எச்சில்!" என்றேன் ஒரு தடவை. "நாம பேசுற ஒவ்வொரு சொல்லும் அப்படித்தான் வந்திருக்கு" என்றார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

போன மழைக்காலம் முடிகிற சமயம், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை துவண்டிருந்தது, கால் இழுத்தது. அதெல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார்கள். பேச்சுதான் மொத்தமாகப் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பார், ஆ என்று ஒரு சத்தம் வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். எத்தனை சொல் புரண்ட வாய்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். எங்கள் மகள் வயதுதான் இருக்கும், கெட்டிக்காரி. படம் போட்ட அட்டையை நீட்டி, "இது என்னங்க ஐயா?" என்பாள். அவர் உதடு சேர்வதற்குள் நான் "குடை" என்று சொல்லிவிடுவேன். சாவி, கோப்பை, நாற்காலி என்று எல்லாவற்றையும் நானே சொல்லி நானே முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் என்னை வாசல்வரை அழைத்து வந்தாள்.

"அம்மா, நீங்க முந்திக்கிறீங்க. அவருக்குத் தேடி எடுக்க நேரம் வேணும். அவர் சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கவே கூடாது."

"எவ்வளவு நேரம்மா?"

"எவ்வளவு நேரம் ஆனாலும். இந்த மாசங்களை விட்டுட்டா அப்புறம் வர்றது ரொம்பக் கஷ்டம்."

அவருக்குப் பேச்சு வராமல் போனால் அதற்கு நானும் ஒரு காரணம் என்று ஆகிவிடுமே. ஆனாலும் சும்மா இருப்பது எனக்கு வராத கலை. அவர் தவிப்பதைப் பார்த்தால் போதும், சொல் தானாக என் வாயிலிருந்து விழுந்துவிடும்.

அவருடைய தம்பி, என் கொழுந்தனார், நல்ல மனதோடுதான் கேட்டார். "அண்ணி, இனிமே இந்தப் பெட்டியை யாரு பார்ப்பாங்க? என் சிநேகிதர் ஒருத்தர் தேனீ வளர்க்கிறார், அவர்கிட்ட கொடுத்துடலாமா?" கட்டிலில் படுத்திருந்த இவர் அதைக் கேட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. "பெட்டி எங்கயும் போகாது தம்பி, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மாடியில் துணி உலர்த்தும்போதுகூட அந்தப் பெட்டிக்கு நான் முதுகைக் காட்டியதில்லை.

மரங்கள் பூத்து ஓய்ந்து, தேன் எடுக்கிற நாள் வந்தது. கொழுந்தனார் இவரைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றி, பெட்டிக்குச் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு முகவலையையும் மாட்டிவிட்டார். "அடுப்புல பால் வச்சிருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பால் எதுவும் வைக்கவில்லை.

இன்னொரு வலையை மாட்டிக்கொண்டு, புகையைக் காட்டி, மூடியைத் தூக்கினேன். உள்ளிருந்து இரைச்சல் எழுந்தது. வாயைத் திறந்தால் ஒன்று உள்ளே போய்விடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வலைதான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பயத்துக்கு வலையாவது ஒன்றாவது.

மேல்பெட்டியில் சட்டங்கள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றிலும் ஓர் அடை. ஓரத்துச் சட்டத்தை உருவினேன். அறை அறையாகத் தேன் பளபளத்தது. இதுதான் என்று தூரிகையால் தேனீக்களைத் தள்ளிவிட்டுப் பாத்திரத்தின் பக்கம் திரும்பினேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் இடது கையை நீட்டி ஆட்டினார். "ஆ" என்றார். மற்ற நாளாக இருந்தால் தாகமா, வெயிலா, கீழே போகணுமா என்று அடுக்கியிருப்பேன். வாய்தான் பயத்தில் பூட்டிக் கிடந்ததே. சட்டத்தைப் பிடித்தபடி நின்றேன். அவர் உதடு சேர்ந்தது, பிரிந்தது, மறுபடி சேர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மூ... மூடல" என்றார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. தேன் பக்குவமானதும் தேனீக்கள் ஒவ்வோர் அறையையும் மெழுகால் மூடிவிடும். மூடாத அடையில் ஈரம் வற்றியிருக்காது, எடுத்தால் தேன் புளித்துப்போகும். நான் பாத்திரம் கழுவப் போயிருந்த நேரத்தில் இதைச் சொல்லியிருப்பார் போல.

"இன்னும் மூடல" என்றார் மறுபடியும். இந்த முறை தெளிவாக, கொஞ்சம் எரிச்சலோடு. பழைய எரிச்சல்.

வலைக்குள்ளேயே அழுதேன். கண்ணையும் துடைக்க முடியவில்லை, மூக்கையும் துடைக்க முடியவில்லை. ஒரு தேனீ என் முகத்துக்கு நேரே வலையில் நடந்துபோனது, அதுகூட எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு, அடுத்ததைத் தூக்கிக் காட்டினேன். அதில் பாதிகூட மூடவில்லை என்று எனக்கே தெரிந்தது. பேசாமல் காத்திருந்தேன்.

"இல்ல" என்றார்.

அதற்கடுத்தது.

"இல்ல. வை."

மறு ஓரத்தில் தேனே இல்லாத வெறும் சட்டம் ஒன்று இருந்தது. அதையும் எடுத்துக் காட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பைத்தியம்" என்றார்.

நடுவில் இருந்த ஒரு சட்டத்தை அப்போதுதான் கவனித்தேன். மேலிருந்து கீழ்வரை வெள்ளை மெழுகால் மூடிக் கிடந்தது. அதைக் காட்டினால் சரி என்று சொல்லிவிடுவார், வேலை முடிந்துவிடும், இறங்கிப் போய்விடுவோம். நான் அதைத் தொடவில்லை. முதலில் காட்டிய சட்டத்தையே மறுபடியும் எடுத்து அவர் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.