லேமினேட் செய்த கழுத்து

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை போட்டும் விற்காமல் கிடக்கும் பொட்டலில், தினமும் காலை ஆறு மணிக்கு கிளாஸ். கற்றுக்கொள்கிறவள் முன்னால் உட்காருவாள். நான் பின்சீட்டுக் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன். பயத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகாத ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த நொடி வண்டியையும் அவளையும் சேர்த்து இழுத்து நிறுத்துவது இந்த ஒரு கைதான். பதினோரு வருஷம் இழுத்த கை, ஒருநாள் காபி டம்ளரைத் தூக்க மாட்டேன் என்றுவிட்டது. முழங்கைக்கு வெளிப்பக்கம் சுரீர் என்றது, காபி முழுக்க என் புடவையில்.

பக்கத்து கிளினிக்கில், கைவலி கழுத்திலிருந்தும் வரலாம் என்று எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார்கள். குழாய்க்குள் படுத்து டமடம என்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன். கையில் ஒரு பெரிய பிலிமும் இரண்டு பக்க ரிப்போர்ட்டும் தந்தார்கள். அதில் தேய்மானத்துக்கு ‘டிஜெனரேட்டிவ்’ என்று இருந்தது, எலும்புகளுக்கு நடுவே வட்டு பிதுங்கியிருப்பதற்கு ‘பல்ஜ்’ என்று இருந்தது. அதுவரை ஒருநாள்கூட வலிக்காத என் கழுத்து, அதைப் படித்த சாயங்காலமே வலிக்க ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அது படப்பையில் இருக்கும் என் அண்ணனிடம் போய்விடும். அண்ணன் நிலத் தரகர். நெல் விளைந்த நிலத்தை விற்றுக் காசு பார்த்ததிலிருந்து அவருக்கு முதுகு விறைத்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேலி செய்வார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார், பஃபேயில் நின்றுதான் சாப்பிடுவார். கிரகப்பிரவேசத்தில் பாயில் உட்காரச் சொன்னால் நாற்காலி கேட்பார். கீழே விழுந்த சாவியை எடுக்கக்கூட யாரையாவது கூப்பிடுவார். சரியான திமிர் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

அவர் ரிப்போர்ட்டைப் பத்திரம் படிப்பதுபோல ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தார்.

“சி ஃபைவ், சி சிக்ஸ். ரெண்டு நம்பருக்கும் நடுவுல எல்லை தள்ளி வந்துகினு கீது. இது ஆக்கிரமிப்பு.”

“அண்ணா, அது கழுத்து.”

“எதுவா இருந்தா இன்னா? மைல்டுன்னு போட்டுகீறான் பாரு. மொதல்ல எல்லாம் மைல்டாதான் வருவானுங்க, அப்புறம் சுவர் கட்டிடுவானுங்க. இனிமே நீ வண்டி கம்பியைத் தொடக்கூடாது. ஒரு இழுப்பு இழுத்தா கழுத்து நட்டுகினு பூடும்.”

வேறு நாளாக இருந்தால், ‘உங்க வேலையைப் பாருங்க’ என்றிருப்பேன். அன்று பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. கிளாஸை நிறுத்தினேன். அந்தப் பொட்டலில்தான் நான் யாருக்கும் தங்கையாக, யாருக்கும் மனைவியாக இல்லாமல் டீச்சராக இருந்தேன். காலை ஆறு மணிக்குச் சும்மா போய் ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஒரு மாடு நிற்கும். அழுகையாக வரும்.

மூன்று வாரத்தில் கை தேறவில்லை, கழுத்து மோசமானது. கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டர் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டேன். பிலிம் எங்கே என்று அண்ணனுக்கு போன் போட்டேன்.

“பத்திரமா கீது. லேமினேஷன் பண்ணி வச்சுகீறேன். நானே எடுத்துகினு வரேன்.”

எங்கள் வீட்டில் லேமினேட் ஆகாத காகிதம் கிடையாது. பட்டா, ரேஷன் கார்டு, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கோயில் நன்கொடை ரசீது எல்லாம் பளபள என்றுதான் இருக்கும். ஆனால் இந்த பிலிம் சூடு பட்டால் கறுத்துப்போகும் என்று கடைக்காரனுக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை. டாக்டர் அதை விளக்குப்பெட்டியில் மாட்டினார். ஒரே கறுப்பு. தலைகீழாகத் திருப்பினார். அப்போதும் கறுப்பு.

“ரொம்ப முத்திப்போச்சா டாக்டர்?” என்று கேட்டார் அண்ணன்.

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிப் படித்துவிட்டு மூடினார். என் கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பச் சொன்னார், கையில் ஒன்றும் வலிக்கவில்லை. பிறகு ஒரு ஸ்டூலை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்துத் தூக்கச் சொன்னார், ‘அம்மா’ என்று கத்திவிட்டேன். உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்தபோது ஸ்டூல் சாதாரணமாக வந்தது.

“இது டென்னிஸ் எல்போ, முழங்கைத் தசைநார் இழுத்து இழுத்து நொந்துபோயிருக்கு. கழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“நாங்க டென்னிஸ் ஆடுறதில்லைங்க,” என்றார் அண்ணன், குடும்பத்துக்கு ஏதோ கெட்ட பெயர் வந்ததுபோல.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “நம்ம வயசுல தலை நரைக்குது இல்ல? உள்ளேயும் அப்படித்தான். வலியே இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்தாலும் பல்ஜ் வரும். போட்டோவுக்கு வைத்தியம் பண்ண முடியாது, ஆளுக்குத்தான் பண்ணணும்.” ஆபரேஷன் வேண்டாம், முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை, தினமும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி, குணமாக மாதக்கணக்கு ஆகலாம் என்றார்.

“கிளாஸ் எடுக்கலாமா?” என்றேன்.

“நாளைக்கே எடுங்க. கொஞ்ச நாளைக்கு இடது கையால பிடிங்க.”

நான் அண்ணனைத் திரும்பி முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கவருக்குள் கையை விட்டு இன்னொரு கறுப்பு அட்டையை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

“இது யாருது?” என்றேன்.

“என்னுது. இடுப்பு. நாலு வருஷம் ஆவுது.” குரல் உள்ளே போய்விட்டது. “இதுலயும் பல்ஜுன்னுதான் போட்டிருந்தான். குனிஞ்சா கால் வராமப் பூடும்னு யாரோ சொன்னாங்க. வூட்டுல சொல்லல. நான் அன்னிலேர்ந்து குனியறதே இல்ல டாக்டர்.”

எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. திமிர் என்றேனே, படுபாவி.

டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், முட்டியில் சுத்தியலால் தட்டினார், குதிகாலில் நடக்கவிட்டார், மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். “நல்லாத்தான் இருக்கீங்க. தாராளமா குனியலாம்,” என்றார். அண்ணன் நம்பவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு விறைப்பாகவே நின்றார்.

நான் புதுப் பட்டையைக் கட்டிப் பார்க்கும்போது அது நழுவிக் கீழே விழுந்தது. பழக்கத்தில் வலது கையை நீட்டினேன்.

“இரு, நீ கைவலிக்காரி,” என்று சொல்லிவிட்டு அண்ணன் குனிந்தார். யோசிப்பதற்கு முன்னாலேயே குனிந்துவிட்டார். பட்டையை எடுத்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்ணும் ஆவலியே?”

“ஆவல அண்ணா. எழுந்திருங்க, வெளியே ஆளுங்க காத்துகினு இருக்காங்க.”

“இருக்கட்டும்,” என்றார். கண் கலங்கியிருந்தது. “கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்துட்டு வரேன்.”