குழாய் இல்லாத சிம்னி

எங்கள் வீடு கிழக்கு பார்த்தது. சமையலறை அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டும்போது மேஸ்திரியிடம் நானே பிடிவாதமாகச் சொன்னேன். கிழக்கு பார்த்த வீட்டில் தென்கிழக்கு மூலை தெருப்பக்கமாக வந்துவிடும். அதனால் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு வழியாகப் போகிற எவரும், எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதை நடந்துகொண்டே தெரிந்துகொள்ளலாம். சமையலறை ஜன்னல் போர்டிகோவை ஒட்டித் திறக்கும். பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த காலம் முழுவதும் இது எனக்கு உறுத்தவில்லை.

ஓய்வு பெற்றதும் பக்கத்துக் கோயிலின் திருப்பணிக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். கும்பாபிஷேகத்துக்காக விரதம் இருந்தேன். அது முடிந்த பிறகும் மீன், கறி பக்கம் திரும்பவில்லை. அதில் தவறில்லை. ஆனால், “எங்க வீட்ல அதெல்லாம் விட்டாச்சு” என்று குழுவில் சொல்லிவிட்டேன். விட்டவன் நான் மட்டும்தான். என் மனைவி கச்சிராயபாளையத்துக்காரி. அணை மீனும் சந்தைக் கருவாடும் சாப்பிட்டு வளர்ந்தவள். எனக்கு ரசம் வைத்துவிட்டுத் தனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொள்வாள். சாயங்காலங்களில் குழுவினர் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அவர்களுடைய பைக் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன்.

“இன்னாங்க, போலீசா வருது?” என்று அவள் சிரிப்பாள்.

தாளிக்கும்போது அவளுக்கு இருமல் வர ஆரம்பித்தது. லேசான இருமல்தான். சென்னையில் இருக்கும் மகள் தொலைபேசியில், “அம்மாவுக்கு ஒரு சிம்னி வாங்கிக் குடுங்கப்பா” என்றாள். மனைவியையும் அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடைக்குப் போனேன். அந்தக் கடை பாயிடம்தான் எங்கள் மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கியிருந்தோம்.

“ரெண்டு மாதிரி இருக்குங்க சார்” என்றார் அவர். “ஒண்ணு, செவத்துல ஓட்ட போட்டு, பைப் வழியா வெளிய தள்ளிடும். இன்னொண்ணுல பைப்பே கெடையாது. உள்ளாற கரி ஃபில்டர் இருக்கும். வாசனையப் புடிச்சிக்கினு காத்தத் திரும்ப ரூமுக்குள்ளயே வுட்டுடும். ஃபில்டர மட்டும் அப்பப்போ மாத்தணும்.”

“அப்ப பொகை எங்க பாய் போவும்?” என்றாள் மனைவி.

“கொஞ்சம் அதுல ஒட்டிக்கும்மா. மீதி...” அவர் என்னைப் பார்த்தார். “எடம் இருந்தா பைப் வெச்சதே வாங்கிக்கலாம். அப்பறம் சார் இஷ்டம்.”

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “பைப் இல்லாததுல தெருவுக்கு வாசனை போகாதே?”

“போவாதுங்க சார்.”

அதையே வாங்கினேன். சுவரில் ஓட்டை போட்டால் மழைத் தண்ணீர் இறங்கும், பல்லி வரும் என்று அவளிடம் காரணம் சொன்னேன். அந்தக் குழாய் குழுவினர் உட்காரும் நாற்காலிகளுக்கு நேர் மேலே போய் முடியும் என்பதுதான் உண்மையான காரணம். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிம்னி வந்துவிட்டதே என்று, சுவரிலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி அந்த வட்டத்தைச் செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன். ஜன்னலுக்கும் திறக்க முடியாத கண்ணாடி போட்டேன். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்றேன்.

“ஃபேனாவது இருக்கட்டுமேங்க” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

புதிய சிம்னி கறுப்புக் கண்ணாடியோடு பளபளவென்று இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பட்டனை அழுத்திக் காட்டினேன். அதன் முகத்தை நாள்தோறும் துணியால் துடைத்தேன். உள்ளேயிருந்த ஃபில்டரை ஒரு முறைகூட மாற்றவில்லை. மிளகாய் வறுத்த நெடி மறுநாளும் கூடத்தில் நின்றது. மனைவி கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது, நெடி போகவில்லை. அவள் இருமல் நீண்டது. மாவு பிசையும்போதுகூட மூச்சு வாங்க நின்றாள்.

இங்கே ஒரு மருத்துவரிடம் காட்டினோம். வீட்டில் புகை உண்டா என்று அவர் அவளைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். “சின்ன வயசுல அவங்க வீட்ல விறகடுப்பு, டாக்டர். அதோட விளைவுதான் இது.” அவள் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் கருவாட்டைக் குறைத்துக்கொள் என்றும் சொன்னேன்.

அவளுடைய தம்பி பேரனுக்குக் காதுகுத்து வந்தது. அவள் முன்னதாகவே கச்சிராயபாளையத்துக்குப் போய்விட்டாள். விசேஷத்தன்று நான் போனபோது, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய திறந்த வெளியில் கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். பின்னால் கல்வராயன் மலை மேகம் மூடி நின்றது. அவள் காற்று வரும் பக்கமாக முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். புகை அவளுக்கு எதிர்ப்புறம் போய்க் கரும்புத் தோகைக்குள் மறைந்தது. சுற்றியிருந்த பெண்களிடம் கதை சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வெகு நேரம் நின்று பார்த்தேன். அவள் இருமவில்லை.

மைத்துனன் என் அருகில் வந்தான். “அக்கா வந்ததுலேர்ந்து இருமலே காணோம் மாமா. எங்க வூட்டு வெறகடுப்புதான் அக்காவக் கெடுத்துச்சினு டாக்டராண்ட சொன்னீங்களாமே? அப்ப உங்க வூட்ல இன்னா அடுப்பு வெச்சிக்கினு இருக்கீங்க?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். இலையில் உட்கார்ந்தேன். பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்தார்கள். அங்கிருந்த மருத்துவரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். “ஜன்னலை நான்தான் அடைச்சேன், டாக்டர். ஃபேனையும் நான்தான் எடுத்தேன். கருவாட்டு வாசனை வெளிய போகக்கூடாதுன்னு செஞ்சேன்.” அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிறு வயதுப் புகை எவ்வளவு, இந்தச் சமையலறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நுரையீரலில் கெட்டுப்போனது சரியாகாது, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிரித்துச் சொல்ல முடியாது என்பது என்னைக் காப்பாற்றச் சொன்ன சொல் அல்ல. ஆனாலும் அதைக் கேட்டதும் என் மனம் ஒரு நொடி இலேசானது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது பேருந்தில், “உன்கிட்ட பொய் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்ங்க” என்றாள். “மழைக்கும் பல்லிக்கும் பயப்படற ஆளா நீங்க? அவங்க எதிர்ல உங்களுக்குத் தலைகுனிவு வேணாம்னுதான் கம்முனு இருந்தேன். மூச்சு இப்டிப் போவும்னு எனக்கு இன்னா தெரியும்?” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரமே சுவரை உடைத்தோம். குழாய் வைத்த சிம்னி வந்தது; குழாயைப் போர்டிகோ கூரைக்கு மேலே உயர்த்தி விட்டோம். ஜன்னலுக்குத் திறக்கிற கதவும், எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வரத் தாழ்வாக ஒரு திறப்பும் வைத்தோம். இப்போது தாளிப்பும் வறுவலும் என் பொறுப்பு. அவள் ஜன்னலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, எப்போது எதைப் போட வேண்டும் என்று சொல்லுவாள்.

முதல் முறையாக நான் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் குழுவினர் மூன்று பேர் வந்துவிட்டார்கள். நான் கரண்டியோடு வெளியே வந்தேன். எங்கள் பொருளாளர் மூக்கை உயர்த்தினார்.

“இன்னா சார், நெத்திலியா? தெருமொனைலியே தூக்குதே! எங்க வூட்லயும் இன்னிக்கு இதான். இத்தினி நாளா எங்களுக்கு மட்டும் சுண்டலக் குடுத்து அனுப்பிட்டீங்களே!”

“நானும் வெளிய தெரியாமத்தான் துன்றேன் சார்” என்றார் இன்னொருவர்.

மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் இருமல் பிடித்துக்கொண்டது. நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். இருமல் நிற்க நேரமாயிற்று. நான் தண்ணீரோடு அவள் பக்கத்தில் நின்றிருந்தேன்.