நேற்றைய மருந்து

நம்பமாட்டீர்கள், தெரியும். நீங்கள் இருக்கிற இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். வேதியியல் படித்தவன், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வெடித்துச் சிதறிய அறைப் பக்கம் பேய் என்று போகப் பயந்தவர்களை நிற்கவைத்துக் கேலி செய்திருக்கிறேன்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் பேச்சியம்மா வீட்டுக்கு வந்தாள். எங்கள் கம்பெனி வெடிமருந்து அறை வெடித்ததில் இறந்துபோன கருப்பசாமியின் மனைவி. செல்போனை என் முன்னால் நீட்டினாள்.

"சார், மொதலாளி மேல போட்ட கேசு முடிஞ்சிருச்சாம்லா. தீர்ப்பு நெட்டுலயே கெடக்காம், யாரும் பாக்கலாமாம். நீங்க படிச்சவுக, பாத்துச் சொல்லுங்க. எங்க வீட்டு ஆளு மேல தப்பு இல்லேன்னு அதுல இருந்தாப் போதும், ஊர்க்காரிக வாய அடைச்சிருவேன்."

நான் போனை உடனே வாங்கவில்லை. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாள் தொடக் கூடாது. எங்கள் தொழிலில் இது தெரியாதவர் கிடையாது. அன்று காலை கருப்பசாமி வாசலில் நின்று, "சார், இது நேத்து மருந்து. லேசா சுடுது" என்றான். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தது. "லோடு நிக்குதுலே, பேசாம குழாயில அடை" என்றேன். பக்கத்தில் வேறு யாருமில்லை. பிறகு கோர்ட்டில் கூண்டேறி, மிச்ச மருந்தை அவனே யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தான் என்று சாட்சி சொன்னேன்.

தேடுவதுபோல் தேடி, 'இன்னும் ஏற்றவில்லை' என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் போனை வாங்கினேன். நீதிமன்ற இணையதளத்தில் பெயரை அடித்ததும், கீழே தெரிகிற எழுத்துகளை அப்படியே அடி என்றது. கோணல்மாணலாக ஏதோ நெளிந்தது.

"மண்புழு கெணக்கா இருக்கு" என்று சிரித்தாள் பேச்சியம்மா. "இந்தக் கண்ண வச்சிக்கிட்டா சார் இம்புட்டு வருசம் மருந்து எட போட்டீக?"

பார்வை மங்கியவர்களுக்கு அந்த எழுத்துகளை வாசித்துக்காட்டப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் படம் உண்டு. அதைத் தொட்டேன். இயந்திரக் குரல் ஆங்கில எழுத்துகளைச் சொல்ல வேண்டும்.

"சார், இது நேத்து மருந்து" என்றது.

வெற்றிலை அதக்கிய வாயோடு பேசுகிற கருப்பசாமியின் குரல், சத்தியமாக. போன் கைநழுவித் தரையில் விழுந்தது. பேச்சியம்மா அதை எடுத்துக் காதில் வைத்தாள். "இவுக குரலுல்லா!" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

மறுபடி தொட்டேன். வெறும் ஆங்கில எழுத்துகள்தான் வந்தன. அடித்தேன், தீர்ப்பு திறந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு வரியை மாற்றிச் சொல்லியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. மாற்ற எனக்கு நா வரவில்லை. முதலாளி விடுதலை, தவறு இறந்தவனுடையது, ஆதாரம் போர்மேன் சாட்சியம் என்று வாசித்தேன். பிறகு, அந்தச் சாட்சியம் பொய் என்பதையும் சொன்னேன்.

அவள் போனை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எம்புட்டுப் பேர்ட்ட தலகுனிஞ்சி நின்னேன், சார்" என்றாள். "இத கோர்ட்டுல வந்து சொல்லுவீகளா?"

"சொல்லுறேன் தாயி."

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். மேல்முறையீட்டுக்காக அவரிடம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். எனக்கு என்ன நேர்ந்தாலும் சரி. அதைப் பற்றி இப்போது கவலையில்லை.

ஆனால் அன்று அவள் செருப்பை மாட்டும்போது, "நேத்து மருந்துன்னு உனக்கும் கேட்டுச்சுல்ல?" என்று கேட்டேன்.

"நேத்து மருந்தா? எனக்கு அப்பிடிக் கேக்கலையே சார்."

"பின்ன என்ன கேட்டுச்சு?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புதுப்பெண்போல் தலையைக் குனிந்தாள். "அது எனக்குச் சொன்னது" என்றாள்.

வக்கீலைப் பார்க்க விருதுநகருக்குப் போகும் பஸ்ஸில் மறுபடியும் கேட்டுப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறாள். சொல்வதில்லை.