சொந்தச் சட்டையில் செத்த இளவரசன்

எங்கள் அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை சாவார். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற நாடகத்தில் அவர்தான் தம்பி ராஜா. அம்மாவின் அண்ணனான என் மாமா அண்ணன் ராஜா. மந்திரி சொன்ன கோளை நம்பி, அண்ணன் ஒரு சொம்பில் விஷத்தைக் கொடுத்து, குற்றமில்லாதவன் என்றால் குடி என்பான். விஷமென்று தெரிந்தும், அண்ணன் கையால் தந்ததை மறுக்க மனமில்லாமல் தம்பி குடித்துவிட்டுச் சாய்வான். பிறகு உண்மை தெரிந்து அண்ணன் மாரில் அடித்துக்கொண்டு பாடுவான். மாமா பாடத் தொடங்கினால், சொந்த வீட்டுச் சாவுக்கே அழாத ஆட்கள்கூட துண்டை எடுத்து மூக்கைத் துடைப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் என் வேலை. எங்கள் ஊரில் மேடையில் செத்தவர் தன் பாட்டுக்கு எழுந்து போய்விட முடியாது. அவருடைய சொந்த ரத்தத்தில் ஒருவர் முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, வீட்டுக்கு வரும்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவை அவர் ‘வாரேன்’ என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் மேளம். நாலு வயதிலிருந்து நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னால்தான் அப்பா ஒவ்வொரு வருஷமும் பிழைக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வேன்.

கூப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். அந்தக் காலத்தில் ஒருவர் அவசரத்தில் தானாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். சோறு தின்றாராம், மாட்டைக் கட்டினாராம். ஆனால் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லவில்லையாம். எட்டாம் நாள், என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எட்டாம் நாள் என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மலைக்குக் கீழேயிருந்து ஒரு டைரக்டர் வந்தார். நாடகத்தைப் பார்த்துக் கண் கலங்கி, இதை அப்படியே சினிமாவாக எடுக்கப்போகிறேன் என்றார். அப்படியே என்று சொன்னவர், மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். கிரீடம் வேண்டாம், அரிதாரம் வேண்டாம். பாட்டும் மேளமும் வேண்டவே வேண்டாம், கேமரா முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், கண்ணாலேயே நடித்தால் போதும் என்றார். இரண்டு ராஜாக்களும் மிளகுத் தோட்டத்துக்கு அடித்துக்கொள்கிற அண்ணன் தம்பியாக மாறினார்கள். விஷச் சொம்பு டீ டம்ளராக மாறியது. அது எங்கள் வீட்டு டம்ளர். அதில் என் பெயர் வெட்டியிருந்தது.

முதல் நாள் எங்கள் தோட்டத்திலேயே சாவுக் காட்சி. அப்பா தினமும் போடுகிற நீலக் கட்டம் போட்ட சட்டையில், நாங்கள் மிளகு பறிக்கிற மரத்தடியில், என் டம்ளரில் குடித்துவிட்டுச் சாய்ந்தார். மேடையில் செத்தது ஜிகினாக் கிரீடம் வைத்த ஒரு இளவரசன். அவன் யாரோ. இங்கே செத்தது என் அப்பா.

ஒரு தடவையோடு விடவில்லை. வெயில் மறைந்துவிட்டது என்று ஒரு தடவை, ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது என்று ஒரு தடவை, இப்படி ஏழு தடவை அப்பா செத்தார். ஒவ்வொரு தடவையும் டைரக்டர் ‘கட்’ என்றதும் தானாக எழுந்து உட்கார்ந்தார். நான் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்ததும் ஓடினேன். நாளைக்குப் பிணக் காட்சி இருக்கிறது, அதற்குள் எழுப்பினால் எப்படி என்று டைரக்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

“அதெல்லாம் மேடைக்குத்தான் கண்ணு. இது வெறும் படம்” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அன்று சாயங்காலம் நான் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சோறு தின்றார். மாட்டைக் கட்டினார். அதைப் பார்த்ததும் அம்மா சொன்ன ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அப்பா என்று கூப்பிட்டேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ என்றார். ‘ம்’ ஒரு பதிலா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு சாவுக்கு மூன்று மூன்றாக இருபத்தொரு அழைப்பு பாக்கி என்று கணக்குப் போட்டேன். காலையில் அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று ஆரம்பித்தேன். ஐந்தாவது அழைப்பில் திரும்பி, ஊட்டுலதான இருக்கறேன், இன்னும் எங்க வாரது என்று கேட்டுவிட்டு மழிப்பதைத் தொடர்ந்தார். அது கணக்கில் சேராது. அம்மாவிடம் போய் அழுதேன். அவள் என்னை அதட்டினாள். ஆனால் அதட்டிவிட்டு, ஒரு குடத்தில் மஞ்சளைக் கரைத்து வாசல் ஓரமாக வைத்ததையும் நான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் எங்கள் வாசலில் பலா மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அப்பாவைக் கிடத்தினார்கள். மேடையில் இதெல்லாம் கிடையாது, சாய்ந்தால் சாய்ந்ததுதான். டைரக்டருக்கோ எல்லாம் அசலாக இருக்க வேண்டும். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். தாடைக்கு வெள்ளைத் துணியால் வாய்க்கட்டு கட்டினார்கள். நெற்றியில் காசை வைத்தார்கள்.

மாமாவுக்கு அழுகை வரவில்லை. பாட்டில்லாமல், மேளமில்லாமல், எதிரே கூட்டமில்லாமல் அவருக்கு அழத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கினார், தோளைக் குலுக்கினார். எடுக்க எடுக்க மோசமாகிக்கொண்டே போனது. ஒரே ஒரு அடி பாடிக்கிட்டுமாங்க என்று டைரக்டரிடம் கெஞ்சிப் பார்த்தார். அவர் சம்மதிக்கவில்லை. இவ்வளவு நேரமும் அப்பா கட்டிலில் அசையாமல் கிடந்தார். இடையில் எழுந்து உட்காரக்கூட இல்லை. ஒரு ஈ அவர் உதட்டில் உட்கார்ந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்தது. அவர் அதைக்கூட ஊதவில்லை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஓடினேன்.

“அப்பா, ஊட்டுக்கு வாங்க.”

டைரக்டர் கையைத் தூக்கி எல்லோரையும் அப்படியே நிற்கச் சொன்னார். நான் இரண்டாம் தடவை கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் தடவைக்குப் பதில் வரும். ஐந்து வருஷமாக வந்திருக்கிறது. அப்பா அசையவில்லை.

மாமா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டு விழுந்து, கால் கட்டைவிரல் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.

“மாப்ள, எந்திரிங்க. புள்ளை கூப்புடுது பாருங்க” என்று ஒரு கத்துக் கத்தினார். நாடகத்தில் ஒருநாளும் அவரிடம் கேட்காத குரல் அது. முடிச்சு அவிழவில்லை. அவர் அந்தக் கால்களில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

டைரக்டர் ‘கட்’ சொல்வதற்கும் அம்மா குடத்தோடு ஓடிவந்து அப்பா தலையில் கவிழ்ப்பதற்கும் சரியாக இருந்தது. அப்பா இருமினார், கண்ணைத் திறந்தார், என்னைத் தேடிப் பிடித்து ‘வாரேன்’ என்றார். அது படத்தில் வரவில்லை. படம் மாமாவின் அழுகையோடு முடிகிறது. பார்த்தவர்களெல்லாம் அந்தக் கடைசிக் காட்சியைப் புகழ்ந்தார்கள், அந்தப் பிள்ளைக்கு யார் நடிப்புச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள்.

அந்தக் காட்சி எடுத்த பிறகு நான் அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. கேமராவுக்காக என்னை இப்படிக் கதறவிட்டாரே என்று அவ்வளவு கோபம். எட்டாம் நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத்தான் சமாதானமானேன். வாய்க்கட்டு கட்டியிருந்தாங்கல்ல, எப்படிக் கண்ணு பேசறது என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் படத்தை என் ஃபோனில் போட்டேன். அப்பா கடைசிக் காட்சி வரும்வரை பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய், இன்னும் அந்த வாய்க்கட்டு இறுக்குதாங்கப்பா என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

“துணி லூசாத்தான் கட்டியிருந்தாங்க கண்ணு. நீ கூப்புட்ட மூணும் கேட்டுச்சு. வாரேன்னு சொல்லத்தான் பாத்தேன். வாய் வரலை. கையும் வரலை. போயிட்டேன்னுதான் நெனச்சேன்.”

படம் எடுத்த மறு வருஷத் திருவிழாவில் அவர் தம்பி ராஜா வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். முழங்கால் வலி, சாய முடியவில்லை என்றார். நானும் நம்பி, அந்த மாதம் முழுக்கத் தினமும் சாயங்காலம் அவர் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். அவரும் காலை நீட்டிக்கொண்டு, இங்கே இல்லை கண்ணு, இன்னும் கொஞ்சம் மேலே என்று இடம் காட்டிக்கொண்டிருந்தார்.