கழிப்பறைக்கு மூன்று சொந்தக்காரர்கள்

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறை இடிந்து கிடந்தது. பிள்ளைகள் தேயிலைக்குள்தான் ஒதுங்கினார்கள். ஒருநாள் என் மகள் அப்படிப் போனபோது, மருந்தடிக்க வந்த ஆட்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் எறிந்தாள்.

"இனிமே போகமாட்டேம்மா. கொழுந்து எடுக்க வேணும்னாலும் வாறேன், அங்க போகமாட்டேன்."

பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லை.

பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். கல்விக் கந்தோர் அதிகாரிகளிடம் கேட்கச் சொன்னார். ஒருநாள் சம்பளம் போனால் போகிறதென்று நாலைந்து தாய்மார் பஸ் பிடித்துப் போனோம். "அந்தக் காணி இன்னும் தோட்டத்தோடது. அங்க நாங்க செலவு செய்ய முடியாது" என்றார் அதிகாரி. தோட்டத்து ஆபிசில் பெரிய கிளாக்கர், "பள்ளிக்கூடத்த அரசாங்கம் எடுத்துக்கிச்சே, எங்ககிட்ட ஏன் வாறீங்க?" என்றார். ஓட்டுக் கேட்டு நாங்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிய பிரதேச சபை உறுப்பினர், "பாப்போம்மா" என்றார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

நாங்கள் வரி கட்டாமலா இருக்கிறோம்? கடையில் வாங்கும் சோப்புக்கட்டியிலும் அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. தோட்டமும் எங்கள் கையால்தான் ஓடுகிறது. பிள்ளைக்கு ஒன்றுக்குப் போக இடம் கேட்டால் மட்டும் நாங்கள் யாருக்கும் ஆகாதவர்கள். சீ! அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம்தான் செலவு செய்யவேண்டும் என்று சொல்ல இவர்களுக்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்?

கடைசியில் நாங்களே கட்டினோம். தோட்டம் தரும் தீபாவளி முற்பணத்தில் துணி எடுக்காமல் சிமெந்து எடுத்தோம். பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி கூரைத் தகரத்தைச் சும்மா கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் கல் சுமந்தார்கள். கதவு போட்ட செய்தி கேட்டதும் மகள் பையைத் தட்டி எடுத்தாள்.

திங்கட்கிழமை நான் கொழுந்து எடுக்கும் மலைக்கே அழுதுகொண்டு வந்தாள். கதவில் பூட்டுத் தொங்குகிறதாம். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அதிபர் தலையைச் சொறிந்தார்.

"திறப்பு விழா வைக்கணும்மா. உறுப்பினர் இன்னும் நாள் சொல்லல. கல்வெட்டுல யாரு பேர முதல்ல போடுறதுன்னு தோட்டத்துக்கும் கந்தோருக்கும் இழுபறி."

காசு கேட்டபோது மூவரில் ஒருவருக்கும் சொந்தமில்லாத கழிப்பறை!

"பேரா? பேர் ஒரு கேடா இவங்களுக்கு!" என்று கத்தினேன். பக்கத்தில் கிடந்த கருங்கல்லைத் தூக்கி ஓங்கி அடித்தேன். பூட்டுத் தெறித்து விழுந்தது.

"ஐயோ, என் வேலைக்கு உலை வச்சிட்டீங்களே!" என்றார் அதிபர்.

மறுநாள் காலையிலேயே அதிகாரி, பெரிய கிளாக்கர், உறுப்பினர் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். இத்தனை மாதம் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாதவர்களுக்கு உடைந்த பூட்டைப் பார்க்க மட்டும் வழி தெரிந்தது. என்னைக் கூப்பிட்டு, கழிப்பறைக் கதவை மறித்து நின்றுகொண்டு, யாரைக் கேட்டு உடைத்தாய் என்று மாறி மாறி மிரட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பிலிருந்து மகள் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க சேர். நான் உள்ள போகணும்."

மூவரும் விலகினார்கள். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.