கொம்பில் வைத்த சந்தனம்

ஜூன் 17, 2012, ஞாயிறு, காலை எட்டு இருபது. விடிய விடியத் தூறி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தஞ்சோங் கிளிங் கோயில் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் காருக்குப் பூஜை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். ஐயர் பின்பக்கம் வந்து, சின்னக் கண் போலிருந்த கேமராவில் சந்தனத்தை அப்பப் போனார். "சாமி, அதுல மட்டும் வைக்காதீங்க!" என்று நான் கத்தியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வயதானால் இப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். ஈரச் சந்தன வாசனை வந்தாலே, அது எங்கே போய் ஒட்டுகிறது என்றுதான் பார்ப்பேன்.

அந்த வாசனைக்குப் பின்னால் ஒரு விமானம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜ விமானம். செலண்டார் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீஸில் கிராணியாக முப்பத்தொரு வருடம் கணக்கெழுதி, 1997இல் ஓய்வுபெற்ற கையோடு, சேமநிதிப் பணத்தைக் கொடுத்து அரை விமானம் வாங்கினேன். மற்ற அரை சின்னையாவுடையது. பள்ளிக்கூடத் தோழன், லாரி வைத்திருந்தவன். நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கியவன்.

விற்றவர் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி. விமானம் எங்களைவிடப் பத்து வயதுதான் இளையது. நாலு இருக்கை, கிழிந்த தோல், வாலுக்கடியில் ஒரு குட்டிச் சக்கரம், உள்ளே மழையில் நனைந்த குடையின் வாடை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சின்னையாவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது.

"இந்த வருசம் பறந்தாத்தான் உண்டு கிராணி. டிசம்பர் மெடிக்கல்ல டாக்டர் லைசென்சப் புடுங்கிருவான். ஒரு வாட்டியாவது சொந்தப் பிளேன்ல பறக்கணும் லா."

சேமநிதிக் காசோலையில் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருந்தது. இன்சூரன்ஸ் திங்களன்றுதான் தொடங்கும் என்று முனகினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரின் விமான ஓடுதளத்தில் சின்னையா விடிந்ததும் விமானத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து முடித்தான். பிறகுதான் பூஜை. ஐயர் தாமதம். பத்தரைக்கு ராகு காலம் என்று ஒரே அவசரம். சின்னையா அந்தப் பக்கம் தேங்காய் உடைக்க, என் மனைவி கமலம் சந்தனக் கிண்ணத்தோடு இந்தப் பக்கம் சுற்றி வந்தாள். இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"மாட்டுக் கொம்பாட்டம் இருக்குங்க" என்று சொல்லி, பொங்கலுக்குக் கொம்பில் வைப்பதுபோல அதன் நுனியில் தாராளமாக வைத்தாள். காற்று நுழைந்து வேகத்தைச் சொல்லும் குழாய் அதுதான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

"ஏறு கிராணி, மூஞ்சி ஏன் செத்துக் கெடக்கு? தங்கச்சிக்கு அடுத்த ரவுண்டு!" என்றான் சின்னையா, கமலத்தைக் காட்டி.

விமானம் தரையில் ஓடத் தொடங்கியது. வேகமுள் பூஜ்யத்திலேயே கிடந்தது. சின்னையா பதறி எஞ்சினைக் குறைத்துப் பிரேக்கை அழுத்தினான். வால் மேலே கிளம்பி, மூக்கு தரையில் குத்தி, முன்விசிறி மடங்கியது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை.

கமலம் ஓடி வந்தாள். "பூச போட்டதாலதான் உசுரு தப்பிச்சிங்க!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சின்னையா அந்தக் குழாயைப் பார்த்தான். சந்தனத்தைச் சாவி முனையால் நோண்டி எடுத்துக் கைக்குட்டையில் மடித்தான்.

"தங்கச்சிகிட்ட மூச்சு விடாத. பிரேக்குல என் தப்புன்னு சொல்லிக்கலாம்."

விசிறி அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். விலை பேசி முடிப்பதற்குள் டாலர் எங்கள் பணத்தில் இரண்டரை வெள்ளியிலிருந்து நாலரைக்குப் போய்விட்டது. டிசம்பரில் லைசென்சும் போனது.

அதன்பிறகும் அவன் வீட்டுக்கு வருவான். "ஒங்களுக்கு பிரேக்கே புடிக்கத் தெரியலண்ணே" என்பாள் கமலம்.

"ஆமா தங்கச்சி, லாரின்னு நெனச்சிட்டேன் லா" என்று சிரித்தபடி, அவள் கொடுத்த சீனியில்லாக் காப்பியைக் குடிப்பான்.

விமானத்தைப் பழைய இரும்புக்காரர் வெட்டி எடுத்துப் போனார். சின்னையா போய்விட்டான். போன வருடம் கமலமும். அந்த உண்மையை யாரிடமிருந்து ஒளித்தோமோ, அவள் இப்போது வீட்டில் இல்லை.

இரும்பு விற்றது கழித்து, என் பங்குச் செலவு 29,417 வெள்ளி 50 காசு. அந்த ஐம்பது காசு சந்தனத்துக்கு. கமலம் கேட்டபோதெல்லாம் அதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.