மடுவில் மீன் பிடிக்கத் தடை

போன வாரம் திருப்பதி மார்க்கெட்டில் மீன்காரர் ஒரு விராலைக் கீறினார். உள்ளே மஞ்சளாய் முட்டை. சினை மீன், ருசி அதிகம் என்று தெலுங்கில் சொன்னார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.

தொழிற்சாலைக் கம்பெனிகள் வருவதற்கு முன்பு, ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கிராமத்து மீனவர் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். அவர்கள் தமிழில் சண்டை போடுவார்கள். நான் தெலுங்கில் தீர்மானம் எழுதுவேன். தீர்மானத்தைப் படித்தால் சண்டை நடந்ததே தெரியாது.

அந்த வருடம் ஏரியில் விரால் குறைந்துபோனது. முட்டையிடும் மழை மாதங்களில் ஏரியையே மூடிவிடலாம் என்று கூட்டத்தில் பேசினார் சங்கத் தலைவர் முனுசாமி. ஊரிலேயே பெரிய வலை அவருடையதுதான், ஆனாலும் சொன்னார்.

தனம்மா எழுந்தார். நிலமில்லாதவர். கரையோரச் சேற்றில் கையால் துழாவி மீன் பிடித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார்.

“ஏரிய மூடிட்டா நாங்க இன்னாத்த துன்றது? உனுக்கு நெலம் கீது, உக்காந்துக்கினு இருப்ப.”

“மீனே இல்லாம பூட்டா அப்புறம் இன்னாத்த துன்னுவ?” என்றார் முனுசாமி.

மதியம்வரை இழுத்தது. கடைசியில் தனம்மாவே வழி சொன்னார். “மதகாண்ட ஆழமா கீற மடுவ மட்டும் மூடு. அங்க வலையும் வாணாம், தூண்டிலும் வாணாம். கரையில கையால புடிக்கிறவங்கள வுட்டுடு.” எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

பத்தாம் நாள் சங்கத்தைப் பார்வையிட மீன்வளத் துறை மேலதிகாரி வந்தார். அவருக்கு விரால் குழம்பு என்றால் உயிர். எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். அதே மடுவில் நானே தூண்டில் போட்டேன். தீர்மானம் மறந்துவிட்டது என்றால் பொய். கிடைத்தது ஒரே மீன், அதுவும் சினை மீன். நிமிர்ந்தால் கரையில் தனம்மா. மீனின் உப்பிய வயிற்றைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தில்தான் பேசினார். “மடுவுல மீன் புடிச்சது யாருன்னு எழுது சார். உன் பேர உன் கையாலயே எழுது.”

எழுதினேன். மழை ஓயும்வரை சாயங்காலம்தோறும் மடுவுக்கு நானே காவல் என்று தண்டனை. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், சிவப்புக் குஞ்சுகள் கும்பலாய் மேலே வந்து வந்து போவதையும், தாய் விரால் அடியில் சுற்றிக்கொண்டே இருப்பதையும் பார்த்தேன். ஓடிப்போய் தனம்மாவைக் கூட்டி வந்தேன். “நான் பாக்காததா?” என்றார். ஆனாலும் இருட்டும்வரை நின்று பார்த்தார்.

பிறகு கம்பெனிகள் வந்தன. வேன்கள் ஆட்களை ஏற்றிப் போயின. முனுசாமியின் மகன்கள் சென்னைக்குப் போனார்கள். சங்கம் கூடுவது நின்றது. தடையும் இல்லை, தடையை மீற ஆளும் இல்லை. வெகுநாள் கழித்து, கம்பெனி கேன்டீன் சீருடையில் தனம்மாவைப் பார்த்தேன். சேற்றில் இறங்க வேண்டியதில்லை, இடுப்பு வலி விட்டது என்று சந்தோஷமாகவே சொன்னார். ஏரியில் விரால் எப்படி என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும் சார்? வேன்ல போவும்போது பாத்தா, தண்ணி கீது.”